ஆப்பிளில் குடியிருக்கும் விண்டோஸுக்குத் தடையில்லாச் சான்று

ராமாமணி டீச்சர் ஏழு வருஷமாக 'ங்க' பொறுக்கிக்கொண்டிருந்தார்.

சனி ஞாயிறு ஆனால் சூலூரில் பஸ் ஏறிவிடுவார். காங்கேயத்துச் செக்கில் எண்ணெய் வாங்க வந்தவர் போல நிற்பார். சென்னிமலைப் போர்வைக் கடையில் பாதிக் கடையை எடுத்துப் போடச் சொல்லிவிட்டு, கடைக்காரர் பேசுவதைக் கைப்பேசியில் பதிந்துகொண்டு வருவார். மரியாதைக்கு வரும் 'ங்க', சண்டைக்கு முன்னால் வரும் 'ங்க', பெண் பார்த்த வீட்டில் "அப்பறம் சொல்லி அனுப்பறோமுங்க" என்று கதவைச் சாத்தும் 'ங்க'. 'போங்க' என்ற ஒரு சொல்லில் மட்டும் பதினோரு வகை பிரித்து வைத்திருந்தார். வீட்டில் அவர்கள் பேசுவது தெலுங்கு. கணவர் கண்ணையாவை அவர் கூப்பிடுவதே "ஏமண்டி" என்றுதான். அந்த 'ண்டி'க்கும் இந்த 'ங்க'வுக்கும் ஏதோ சொந்தம் இருக்க வேண்டும் என்று சின்ன வயதில் வந்த சந்தேகம், வளர்ந்து முந்நூற்றுப் பன்னிரண்டு பக்க ஆய்வேடாகிவிட்டது. தலைப்பு: 'கொங்கு வட்டாரப் பேச்சில் ங்க விகுதி'.

அவ்வளவையும் அவர் தட்டச்சு செய்தது, பெங்களூரில் வேலை பார்க்கும் மகள் நவ்யா புதிது வாங்கியதும் அம்மாவுக்குத் தள்ளிவிட்ட பழைய ஆப்பிள் லேப்டாப்பில். சின்ன லேப்டாப். மூடி வைத்தால் ஒப்புட்டுப் போளியை விடக் கொஞ்சம்தான் கனம்.

ஒரு திங்கட்கிழமை காலை அதைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு மேல்நொய்யல் பல்கலைக்கழகத்துக்குப் போனார். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணியோடு அவருடைய பதிவுக் காலம் முடிகிறது. நீட்டிப்பு ஏற்கெனவே வாங்கியாகிவிட்டது, இனி இல்லை. ஐந்து மணி தாண்டினால் ஏழு வருஷமும் காலி, முதல் படியிலிருந்து ஏற வேண்டும். ஏறி முடிப்பதற்குள் பள்ளிக்கூடத்தில் ஓய்வு கொடுத்துவிடுவார்கள். ஓய்வுக்கு முன் ஒரு நாளாவது வருகைப் பதிவேட்டில் தன் பெயருக்கு முன்னால் 'முனைவர்' என்று பார்த்துவிட வேண்டும் என்பதைத் தவிர டீச்சருக்கு வேறு பேராசை கிடையாது. நாலு நாள் முன்னாலேயே கொடுத்துவிட்டுப் பஸ் ஏறிவிடலாம் என்று வந்திருந்தார்.

கொடுக்க முடியவில்லை. 'எழுத்துரு ஒத்திசைவுப் பிரிவு' என்ற பலகை மாட்டிய அறைக்குப் போகச் சொன்னார்கள். அங்கே துணைப் பதிவாளர் உட்கார்ந்திருந்தார். மொத்தப் பல்கலைக்கழகமும் அவரை டி.ஆர். சார் என்றே கூப்பிடும். அடையாள அட்டையைச் சட்டைப் பைக்குள் போட்டிருந்தார். எழுந்து நின்று கும்பிட்டு, நாற்காலியைத் தானே துடைத்துப் போட்டு, காப்பி சொல்லி, அதற்கப்புறம்தான் முடியாது என்று சொன்னார்.

ஆய்வேடு எந்த எழுத்துருவில் வேண்டுமானாலும் இருக்கக் கூடாது. பல்கலைக்கழகம் தானே உருவாக்கிய 'நொய்யல்-2' எழுத்துருவில்தான் இருக்க வேண்டும். டீச்சர், தான் அடித்திருப்பது யூனிகோடு என்றும், அது உலகத்தில் எந்த ஊர்க் கணினியிலும் திறக்கும் என்றும் பணிவாகச் சொல்லிப் பார்த்தார்.

"அதுதானுங்க பிரச்சனையே. எல்லா ஊர்லயும் திறக்குதுன்னா அதுல நம்ம பல்கலைக்கழகத்துக்கு என்னங்க பெருமை? நொய்யல்-2 பாருங்க, இந்தக் கேட்டைத் தாண்டுனா எங்கயும் திறக்காதுங்க. இருபது வருஷமா ஒரு ஆய்வேடு வெளிய கசிஞ்சதில்லைங்க. உள்ள இருக்கறவங்களும் திறந்து பார்த்ததில்லைங்க. அத்தனை பாதுகாப்புங்க."

மாற்றிக் கொடுக்கும் மென்பொருள் ஒன்று இருந்தது. அது விண்டோஸில் மட்டும்தான் ஓடும். சரி, எதிரே இஸ்மத்தின் டி.டி.பி. சென்டரில் வரிசையாக விண்டோஸ் கணினிகள் இருக்கின்றனவே, அங்கே மாற்றிக்கொள்கிறேன் என்றார் டீச்சர். டி.ஆர். காதைப் பொத்திக்கொள்ளாத குறை.

"கடைக் கம்ப்யூட்டரு ஆகாதுங்க. ஆய்வாளரோட சொந்தக் கம்ப்யூட்டர்லதான் மாத்தோணுமுங்க. முன்னெல்லாம் ஆய்வேட்டையே கடையில எழுதி வாங்கிட்டிருந்தாங்க. இந்த விதி வந்தபொறகு அது அடியோட நின்னுபோச்சுங்க. இப்பெல்லாம் கடைக்காரரே ஊட்டுக்கு வந்து எழுதிக் குடுத்துப்போட்டுப் போறாருங்க."

டீச்சரின் சொந்தக் கணினி இதுதான் என்று அதன் வரிசை எண் போன வருஷமே பதிவாகியிருந்தது. நேர்மையாக அவரே எழுதிக் கொடுத்தது. கணினியை மாற்ற வேண்டுமானால் தனி விண்ணப்பம். நாற்பத்தைந்து வேலை நாள். ஆப்பிள் வைத்திருப்பவர்கள் என்ன செய்வார்கள் என்று விதி போட்டபோது யாரும் யோசிக்கவில்லையா என்று கேட்டார்.

"யோசிச்சோமுங்க. கமிட்டியில ரெண்டு நாள் பேசுனோமுங்க. ஆப்பிளு வெச்சிருக்கறவங்க வசதியானவங்க, வசதியானவங்க தமிழ்ல ஆராய்ச்சி பண்ண மாட்டாங்கன்னு முடிவாச்சுங்க."

மூன்று பதிவேட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டு, நகைக்கடைப் பெட்டி போன்ற ஒன்றைத் திறந்து, கட்டை விரல் பருமனில் ஒரு வெள்ளைச் சாவியை எடுத்துக் கொடுத்தார்கள். கணினியில் இதைச் செருகினால்தான் மென்பொருள் கண் விழிக்கும். டீச்சர் லேப்டாப்பைப் பையிலிருந்து எடுத்து நாலு பக்கமும் திருப்பிக் காட்டினார். இடது பக்கம் எறும்பு நுழைகிற அளவில் இரண்டு துவாரம். வேறு எதுவும் இல்லை. டி.ஆர். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். ஓட்டை இல்லாத கம்ப்யூட்டருக்கு விதியில் தனியாக ஒன்றும் சொல்லவில்லை என்றும், அதனால் தடையும் இல்லை என்றும் ஆறுதல் சொல்லி அனுப்பினார்.

அன்று சாயங்காலமே நவ்யா போனில் வந்தாள். ஆப்பிளுக்குள் ஒரு பெட்டி கட்டலாம், அந்தப் பெட்டிக்குள் விண்டோஸைக் குடிவைக்கலாம், விண்டோஸுக்குத் தான் இன்னொருத்தர் வீட்டில் இருப்பதே தெரியாது என்றாள். கேட்க நன்றாகத்தான் இருந்தது. குடி வந்தவர் முதலில் இடம் கேட்டார். ஏழு வருஷக் குரல் பதிவுகளையெல்லாம் பென் டிரைவ்களுக்கு மாற்றி இடம் ஒழித்துக் கொடுத்தார் டீச்சர். அடுத்தது நினைவகம். இருந்ததே எட்டு ஜி.பி. அண்ணன் தம்பி தோட்டத்தைப் பிரிப்பது போல உனக்கு நாலு, எனக்கு நாலு என்று பாகம் பிரித்தார்கள். அதில் இரண்டு பேருக்கும் வயிறு நிறையவில்லை. அம்புக்குறி ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்குக் கோயில் தேர் மாதிரி நகர்ந்தது. விண்டோஸ் வந்த களைப்பு தீர்வதற்குள் தன்னைப் புதுப்பித்துக்கொள்ள ஆரம்பித்தது. அணைக்க வேண்டாம் என்றது. யாரும் அணைக்கவில்லை. ஒன்றரை மணி நேரம் கழித்துத் தானே அணைந்துகொண்டது.

கண்ணையா பம்ப் உதிரி பாகங்கள் கடைந்து கொடுக்கும் லேத் பட்டறை வைத்திருப்பவர். நாற்பது வருஷமாக மோட்டாரோடு குடும்பம் நடத்துகிறவர். அடியில் கை வைத்துப் பார்த்துவிட்டு, கொதிக்கிறதே, இதன் ஃபேன் எங்கே இருக்கிறது என்று கேட்டார். இந்த மாடலுக்கு ஃபேனே கிடையாது என்றாள் போனிலிருந்த நவ்யா. கண்ணையா லேப்டாப்பைத் தூக்கி அடிப்பக்கத்தை ஒருமுறை தடவிப் பார்த்தார்.

"ஃபேன் இல்லாத மோட்டாரு, அதுமேல அதைவிடப் பெரிய லோடு" என்றார் கடைசியில். "கண்ணு, எம்பட பட்டறையில எவனாவது இந்த மாதிரி பண்ணியிருந்தா அன்னிக்கே கணக்கு முடிச்சு அனுப்பியிருப்பேன்."

ஆனாலும் மனம் கேட்காமல் இரண்டு எவர்சில்வர் டம்ளர்களைக் கவிழ்த்து அதன்மேல் லேப்டாப்பை ஏற்றி, பக்கத்தில் டேபிள் ஃபேனைப் போட்டுவிட்டார்.

செவ்வாய்க்கிழமை பள்ளிக்கு லீவு சொல்லிவிட்டு டீச்சர் மென்பொருளைத் திறந்தார். பல்கலைக்கழகச் சின்னம் சுழன்று சுழன்று வந்து நின்றது. கீழே ஒரு வரி: 'தொடங்க இன்சர்ட் விசையை அழுத்தவும்.' டீச்சர் விசைப்பலகையை வரிசை வரிசையாகப் படித்தார், மாணவர் விடைத்தாளைத் திருத்துவது போல. இன்சர்ட் என்று ஒரு விசையே அதில் இல்லை. பஸ் ஏறி இஸ்மத்தின் கடைக்குப் போய்ப் பழைய விசைப்பலகை ஒன்றை இரவல் வாங்கி வந்தார். அதைச் செருக ஓட்டை இல்லை. இருந்த இரண்டில் ஒன்றில் சார்ஜர், ஒன்றில் வெள்ளைச் சாவிக்கான மாற்றுச் செருகி. மறுபடி பஸ், நாலு ஓட்டை உள்ள ஒரு கொத்துச் செருகி. எல்லாவற்றையும் மாட்டி முடித்தபோது, ஒப்புட்டுப் போலிருந்த லேப்டாப், தீவிர சிகிச்சைப் பிரிவில் படுத்திருக்கும் நோயாளி போல இருந்தது.

இன்சர்ட்டை அழுத்தினார். மென்பொருள் வரிசை எண்ணைச் சோதித்துவிட்டுச் சொன்னது: 'இது பதிவுசெய்யப்பட்ட கணினி அன்று.'

பெட்டிக்குள் இருக்கும் விண்டோஸுக்கு வேறு எண், வெளியே ஆப்பிளுக்கு வேறு எண். நவ்யாவுக்கே அது தெரிந்திருக்கவில்லை. புதன்கிழமை டீச்சர் மறுபடி டி.ஆர். முன்னால் உட்கார்ந்தார். மறுபடி காப்பி வந்தது. டி.ஆர். விஷயத்தை முழுக்கக் கேட்டார், நடுவில் ஒரு முறைகூடக் குறுக்கிடவில்லை.

"அப்ப ஊடு ஆப்பிளு. குடியிருக்கறது விண்டோஸு. அப்படித்தானுங்களே?"

"ஆமாங்க."

"ஊட்டுக்காரரு சம்மதம் வேணுமுங்களே."

ஊட்டுக்காரர் டீச்சர்தான். குடியிருப்பவரின் சார்பில் விண்ணப்பிப்பவரும் டீச்சர்தான். ஆகவே, 'எனது ஆப்பிள் கணினியில் விண்டோஸ் வசிப்பதில் எனக்கு ஆட்சேபணை இல்லை' என்று ராமாமணி ஒரு தடையில்லாச் சான்று எழுதி ராமாமணிக்குக் கொடுத்தார். ராமாமணி அதைப் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்துப் போட்டார். இரண்டு ராமாமணியும் ஒருவரை ஒருவர் அறிவார்கள் என்பதற்குச் சாட்சி தேவைப்பட்டது. எதிர்க்கடையிலிருந்து இஸ்மத் வந்து சாட்சிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, விண்டோஸுக்கு ரேஷன் கார்டு எப்போதுங்க கொடுப்பீங்க என்று முகத்தை மாற்றாமல் கேட்டாள். டி.ஆர். அதைக் குறித்துக்கொண்டு, குடியிருப்பவரின் எண்ணையும் பதிவேட்டில் ஏற்றினார்.

வியாழக்கிழமை காலை எட்டு மணிக்கு மாற்றம் தொடங்கியது. பக்கத்துக்கு ஒன்றரை நிமிஷம். கண்ணையா பட்டறைக்குப் போகாமல் ஃபேனைத் திருப்பித் திருப்பி வைத்தபடி காவல் இருந்தார். நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் ஆப்பிள் தூங்கப் பார்த்தது. இருநூற்று நாற்பதில் விண்டோஸ் மறுபடி தன்னைப் புதுப்பித்துக்கொள்ளட்டுமா என்று கேட்டது. "இப்ப வேண்டாம் சாமி, ஒரு மணி நேரம் பொறு" என்று டீச்சர் திரையைப் பார்த்துக் கெஞ்சினார். மாலை நாலரைக்கு 312 வந்தது. லேப்டாப்பை வெள்ளைச் சாவியோடு அப்படியே தூக்கிக்கொண்டு இஸ்மத்தின் கடைக்கு ஓடி, அங்கே மீதியிருந்த இரண்டு ரீமில் நல்ல காகிதமாகப் பார்த்து அச்சடித்துக்கொண்டார்கள். சுடச்சுட முதல் பக்கத்தை எடுத்து டீச்சர் படித்தார்.

'கொகு வட்டாரப் பேச்சில் க விகுதி.'

அடுத்த பக்கத்தைப் பார்த்தார். நாற்பத்தேழாம் பக்கத்துக்குத் தாவினார். காங்கேயத்துச் செக்குக்காரர், வாசலில் நின்ற டீச்சரை வரவேற்று, "உள்ள வாங்க, உக்காருங்க, மோர் குடிங்க" என்று சொன்ன இடம் அது. அங்கே காகேயத்துச் செக்குக்காரர் சொல்லிக்கொண்டிருந்தார்: 'உள்ள வாக, உக்காருக, மோர் குடிக.'

சிங்கம் சிகமாகியிருந்தது. தங்கம் தகமாகியிருந்தது. முந்நூற்றுப் பன்னிரண்டு பக்கத்தில் ஒரு 'ங்' இல்லை.

"அது நொய்யல்ல வராதுங்க டீச்சர்" என்றாள் இஸ்மத், ஏதோ மழை வராது என்பது போல. இதுவரை நானூறு ஆய்வேடு அச்சடித்திருக்கிறாளாம். எல்லோரும் அப்படியே கொடுத்துவிடுவார்களாம். யாரும் படிப்பதில்லை என்பதால் யாருக்கும் ஒன்றும் ஆனதில்லையாம்.

"எனக்கு அது மட்டும்தான் இஸ்மத் ஆய்வேடே" என்றார் டீச்சர். அச்சடித்த கட்டைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினார்.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு டி.ஆர். நாற்பத்தேழாம் பக்கத்தை வாய்விட்டுப் படித்தார். முகம் மலர்ந்தது.

"உக்காருக, குடிக. வியங்கோள்ல பேசியிருக்காருங்களே. செக்குக்காரருங்களா?"

"அவரு உக்காருங்கன்னுதானுங்க சொன்னாரு."

"எழுத்துரு திருத்தியிருக்குதுங்க டீச்சர். இனி அவரு செந்தமிழ்ல பேசுன மாதிரி. பல்கலைக்கழகத்துக்கும் பெருமை, செக்குக்கும் பெருமைங்க."

'ங்' எங்கே போயிற்று என்று டீச்சர் கேட்டார். டி.ஆர். பழைய நடவடிக்கைக் குறிப்பேட்டை எடுத்து வந்தார். ஒளிப்பதற்கு அதில் ஒன்றும் இல்லை என்பதில் அவருக்குப் பெருமை. எழுத்துருவில் இருந்த கட்டங்கள் எண்ணிக்கைக்கு உட்பட்டவை. எல்லா எழுத்தையும் வைத்தாயிற்று. கடைசியில் பல்கலைக்கழகச் சின்னத்துக்கு ஒரு கட்டம் பற்றவில்லை. எதை எடுப்பது என்று கமிட்டி கூடியது.

"எங்களுக்கு எந்த எழுத்து மேலயும் பகை இல்லீங்க. அகராதியை எடுத்து ஒவ்வொரு எழுத்துக்கும் எத்தனை பக்கம்னு எண்ணுனோமுங்க. 'க'வுக்கு நூத்திச் சில்லறை. 'ங்'ல ஆரம்பிக்கற சொல்லு ஒண்ணுகூட இல்லீங்க. இல்லாத எழுத்துக்கு எதுக்குங்க கட்டம்? ஒருமனதாத் தீர்மானமாச்சுங்க."

நடுவிலும் கடைசியிலும் வருமே என்று கேட்டதற்கு, அது கமிட்டியின் ஆய்வு வரம்பில் வரவில்லை என்றார். அதற்கேற்பப் பல்கலைக்கழகமும் பழகிக்கொண்டுவிட்டதாம். அவர்கள் அனுப்பும் சுற்றறிக்கை எதிலும் 'நீங்கள்', 'உங்கள்', 'தாங்கள்' என்று ஒரு வார்த்தை வராது. 'மாணவர் உடனே வரவும்', 'ஆய்வாளர் ஆவன செய்யவும்' என்றுதான் வரும். அதிகாரத் திமிர் என்று இருபது வருஷமாக ஊரே பேசியது. எழுத்துப் பற்றாக்குறை என்று இன்றைக்குத்தான் டீச்சருக்குத் தெரிந்தது.

கையெழுத்துப் போட வேண்டிய உறுதிமொழியை டி.ஆர். நகர்த்தினார். 'மாற்றத்தின்போது ஓர் எழுத்தும் விடுபடவில்லை.' டீச்சர் பேனாவை மூடி வைத்துவிட்டார். இதில் கையெழுத்துப் போட்டால் தன் ஆய்வையே இல்லை என்று சொன்னதாகிவிடும் என்றார். மணி பதினொன்று ஆகியிருந்தது. டி.ஆர். ஜன்னலைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார், கதவைப் போய்ச் சாத்திவிட்டு வந்தார்.

"விதி பதினாலு, ஆ பிரிவுங்க" என்றார் தணிந்த குரலில். "வேதியியல்காரங்களுக்காகப் போட்டதுங்க. எழுத்துருவுல இல்லாத அயற்குறியீடு எதுவா இருந்தாலும் அச்சுப் பிரதியில ஆய்வாளரு கையால எழுதிக்கலாமுங்க. கறுப்பு மையில இருக்கோணும். ஆனா 'ங்' அயற்குறியீடுன்னு எழுதித் தரோணுமுங்க. அப்ப எழுத்து எதுவும் விடுபட்டதா ஆகாதுங்க."

இருபத்தெட்டு வருஷமாகத் தமிழாசிரியை. எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் யாராவது இந்தப் பக்கம் வந்திருக்கிறார்களா என்று ஒருமுறை சுற்றிப் பார்த்துக்கொண்டு, "'ங்' என்பது தமிழ் எழுத்தன்று" என்று எழுதி ராமாமணி கையெழுத்துப் போட்டார்.

இஸ்மத் தன் கடையில் மேஜை ஒழித்துப் போட்டாள். ஆய்வேட்டை மூன்றாகப் பிரித்தார்கள். 'வா'வுக்கும் 'க'வுக்கும் நடுவில் சின்னக் கூரை போட்டு, மேலே ஒரு 'ங்'. டீச்சர் முதல் பாகம், இஸ்மத் நடுப்பாகம், துணைக்கு வந்திருந்த கண்ணையா கடைசி. கண்ணையா படித்தது தெலுங்கு மீடியம். அவருடைய 'ங்' ஒவ்வொன்றும் பம்ப்செட் வளைகுழாய் போல வந்தது. பக்கத்துக்குப் பதினைந்து, பதினாறு. இரண்டு மணிக்குப் பாதிகூட ஆகியிருக்கவில்லை. டீச்சர் கணக்குப் போட்டுப் பார்த்தார், ஐந்துக்குள் முடியாது. கணக்கை யாரிடமும் சொல்லாமல் எழுதிக்கொண்டே இருந்தார்.

மூன்று மணிக்கு டி.ஆர். சாலையைத் தாண்டி வந்தார். மை கறுப்புதானா என்று ஆய்வு செய்ய வந்ததாகச் சொன்னார். ஆய்வு செய்தார். போகவில்லை. கண்ணையாவின் காகிதக் கட்டிலிருந்து பாதியை இழுத்துத் தன் பக்கம் வைத்துக்கொண்டு, பேனாவை எடுத்து எழுத ஆரம்பித்தார். முதல் இரண்டு கோணலாக வந்தன. மூன்றாவதிலிருந்து அச்சுப் போல, வளைவும் புள்ளியுமாக. கை நிற்கவே இல்லை.

கண்ணையா எட்டிப் பார்த்துவிட்டு, சாருக்கு நல்ல பழக்கம் போலிருக்கிறதே என்றார்.

"ஒரு காலத்துல எம்பேருல இருந்துதுங்க" என்றார் டி.ஆர்.

சட்டைப் பையிலிருந்து அடையாள அட்டையை எடுத்து மேஜையில் வைத்தார். 'வேகடசாமி, துணைப் பதிவாளர்.' எழுத்துரு வந்த வருஷம் சம்பளப் பட்டியலில் இப்படித்தான் வந்ததாம். திருத்தச் சொல்லி எழுதிப் போட்டாராம். வேங்கடசாமியும் வேகடசாமியும் ஒரே ஆள் என்று நிரூபிக்கச் சொன்னார்களாம். நிரூபித்துப் பார்த்து அலுத்து, பெயரையே மாற்றிக்கொள்வது சுலபம் என்று மாற்றிக்கொண்டாராம். "பதவி உயர்வு கிடைச்சுதுங்க" என்றார், தலை நிமிராமல். "வேங்கடசாமிக்குக் கிடைச்சிருக்காதுங்க." அப்புறம் நாலு பேனாவும் காகிதத்தில் உரசும் சத்தம் மட்டும்தான்.

நாலே முக்காலுக்குக் கடைசிப் பக்கம் முடிந்தது. இஸ்மத் கட்டிக் கொடுக்க, நாலு ஐம்பத்திரண்டுக்கு நாலு பேருமாகச் சாலையைத் தாண்டினார்கள். டி.ஆர். தன் நாற்காலிக்குப் போய் உட்கார்ந்தார். அங்கே உட்கார்ந்ததும் மறுபடி அலுவலர் ஆகிவிட்டார். பதிவேட்டில் எழுதினார், முத்திரை குத்தினார், ஒப்புகைச் சீட்டில் நேரம் நாலு ஐம்பத்தேழு என்று போட்டு, இருபது வருஷப் பழக்கத்தில் 'வேகடசாமி' என்று கையெழுத்திட்டு டீச்சரிடம் நீட்டினார்.

டீச்சர் சீட்டை வாங்கிப் படித்தார். பைக்குள் வைக்காமல் மேஜையிலேயே திரும்ப விரித்து, கையிலிருந்த பேனாவின் மூடியைத் திறந்தார். 'வே'வுக்கும் 'க'வுக்கும் நடுவில் சின்னதாக ஒரு கூரை போட்டு, மேலே நிதானமாக ஒரு 'ங்' எழுதிப் புள்ளி வைத்தார்.

துணைப் பதிவாளர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கறுப்பு மைதானுங்களே டீச்சர்?"

"ஆமாங்க சார்."

"அப்பச் செல்லுமுங்க."